இலவச ஆஸ்பத்திரிக்கு மேல் ஒரு பொலிசி

மடுல்கெல்லவில் சம்பள நாள் வந்தால் தோட்டத்து லயத்துக்கு வருகிறவர்கள் பலர். சீட்டுக்காரர், நுண்கடன் தவணை வாங்க வருகிறவர், துணி வியாபாரி. இப்போது காப்புறுதி முகவரும் வருகிறார். பெரும்பாலும் அதே தோட்டத்துப் பிள்ளைதான். உயர்தரம் முடித்து, கொழும்புக் கடை வேலைக்குப் போக மனமில்லாமல் இந்தத் தொழிலுக்கு வந்தவர். இவர்களைத் தொழிலில் இறக்கிவிடும் முறையில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. கெட்டது கூடுதலாக இருக்கிறது என்பது என் கருத்து.

2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு, முகவராக விரும்புகிறவர் முதலில் ஒரு பரீட்சையில் தேற வேண்டும் என்கிறது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் பரீட்சை முடிந்ததும் கம்பெனிக்காரர்கள் புதியவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் எழுதச் சொல்கிறார்கள். மாமா, சித்தி, கூடப் படித்தவள், கோயில் கமிட்டித் தலைவர். அந்தப் பட்டியல்தான் முதல் மாத டார்கெட். மாதச் சம்பளம் கிடையாது, கொமிஷன் மட்டுமே.

தெரிந்தவர் மூலம் விற்கும் இந்த முறையின் பலத்தைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தோட்டத்தில் ஒருவர் இறந்தபின் பணம் எடுப்பது எவ்வளவு பாடு என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்தின் வரவுப் பதிவான செக்ரோலில் மூன்றாவது. கண்டியிலிருந்து வரும் அதிகாரிக்கு அது மூன்று ஆட்கள். பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு அது ஒரே பெரியம்மா. கிராம சேவகரின் கடிதத்துக்கும் பன்வில பிரதேச செயலகத்துக்கும் நடையாய் நடந்து அந்தப் பணத்தை வாங்கித் தரக்கூடிய முகவர் அந்தப் பிள்ளைதான். ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில், தன் பேச்சிலேயே கேட்டு விளங்கிக்கொள்ளும் வாய்ப்பு தோட்டத்துப் பெண்ணுக்கு வேறு எங்கே கிடைக்கிறது?

ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக் கொடுக்கப்படுவது என்ன?

ஒப்பிட்டுப் பார்க்க, அமெரிக்காவில் 65 வயது நிறைந்தவர்களுக்கு அரசின் மெடிகேர் இருக்கிறது. அது கொடுக்காமல் விடும் பங்குக்குத் தனியார் கம்பெனிகள் துணைக் காப்புறுதி விற்கின்றன. அங்கே புதிய முகவர் முதலில் படிக்க வேண்டியது மெடிகேரைத்தான். அரசு எதைக் கொடுக்கிறது என்று தெரியாதவர் எந்த ஓட்டையை அடைக்க முடியும்? அதோடு, 1990இல் வந்த சட்டம் அந்தத் துணைத் திட்டங்களை எழுத்து வரிசையில் ஒரே அச்சாக்கிவிட்டது. மூன்று மாநிலங்கள் தவிர, ‘ஜி’ திட்டத்தை எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் அடிப்படை நன்மைகள் ஒன்றுதான், விலைதான் வேறு. வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்குள்ளும் வேறு வேறு நிபந்தனை. ஒப்பிட வழியே இல்லை.

நமது மெடிகேர் இலவச ஆஸ்பத்திரி. மடுல்கெல்ல ஆஸ்பத்திரியானாலும் கண்டி தேசிய ஆஸ்பத்திரியானாலும் கட்டிலுக்குக் காசில்லை. அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியம் இருக்கிறது. தொழில் கொடுப்பவர் சம்பளத்தில் 3 வீதம் கட்டுகிறார், தொழிலாளி ஒரு சதமும் கட்டுவதில்லை. இருதய சத்திரசிகிச்சைக்கும் கண்ணில் வில்லை வைப்பதற்கும் அங்கே உதவி கேட்கலாம், வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கும் நன்மை உண்டு. நான் பேசிப் பார்த்த புதிய முகவர்களுக்கு இது தெரிந்திருக்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தால் எத்தனை இலட்சம் என்று பயமுறுத்த மட்டும் தெரிந்திருந்தது.

கொழுந்து பறிப்பவருக்கு உள்ள ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஐந்து நாள் வார்டில் படுத்தால் ஐந்து ‘பேர்’, அதாவது ஐந்து நாள் சம்பளம், போகும். 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய்க் கணக்கில் 6,750 ரூபாய். துணைக்கு நிற்கும் மகளின் பேரும் போகும். பஸ் காசு, வெளியே வாங்கச் சொல்லும் மருந்து, வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேன். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்தச் செலவு எப்படி ஏறியது என்பதை எல்லோரும் பார்த்தோம். இதற்குப் பொருத்தமானது, ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று தரும் காப்புறுதி. டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்டின் பிரதியோடு அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது பெரும்பாலும் நீண்டகால ஆயுள் பொலிசியின் வாலாகவே விற்கப்படுகிறது. வாலுக்காக மாட்டையும் வாங்க வேண்டும். மழைக் காலத்தில் அரைப் பேர் விழும் குடும்பம் பதினைந்து வருடம் கட்ட ஒப்புக்கொள்கிறது.

அங்கேதான் கொமிஷன் முறையின் தீங்கு தெரிகிறது. முதல் வருடத்தில் கொமிஷன் கூட, பிறகு சரியும். பட்டியலில் இருந்த மாமாவும் சித்தியும் முடிந்ததும் பிள்ளையின் வருமானமும் முடிகிறது. அவர் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறார். கவனிக்க ஆளில்லாமல் பொலிசி காலாவதியாகிறது. பொதுவாகச் சில வருடங்கள் கட்டினால்தான் சரண் பெறுமதி சேரும் என்பதால், கட்டிய காசில் கையில் வருவது ஒன்றுமில்லை. கம்பெனியின் நட்டம் சிறியது, சித்திக்கும் பிள்ளைக்கும் இடையில் பேச்சு நின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்மொழிவுப் படிவத்தில் ‘சீனி வருத்தம் உண்டா?’ என்று ஒரு கேள்வி. ‘மாத்திரைதானே குடிக்கிறீங்க பெரியம்மா, இல்லைன்னே போட்டுருவோம்’ என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். பின்னால் அந்த ஒரு சொல்லைக் காட்டியே கோரிக்கை மறுக்கப்படலாம். பொலிசி கைக்கு வந்தபின் திருப்பிக் கொடுக்கச் சில நாள் அவகாசம் உண்டு, முறையிடக் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் உண்டு. இவ்விரண்டையும் விற்கும்போதே சொல்ல வேண்டும்.

பயிற்சியின் முதல் நாளை இலவச ஆஸ்பத்திரிக்கும் நம்பிக்கை நிதியத்துக்கும் ஒதுக்குவது எந்தக் கம்பெனிக்கும் நாளையே முடியும். நாளாந்தக் கொடுப்பனவை ஆயுள் பொலிசியிலிருந்து பிரித்து, தீபாவளி அட்வான்ஸ் வரும் மாதத்தில் ஒரே தடவையில் கட்டும் வருடக் காப்புறுதியாக விற்பதும் முடியும். முதல் வருடக் கொமிஷனை மூன்று வருடத்துக்குப் பகிர்ந்து, அதுவரை புதியவருக்கு ஒரு சிறு மாதப் படி கொடுப்பதைக் கம்பெனிகள் தாமாகச் செய்யப் போவதில்லை. அதை ஆணைக்குழுதான் விதியாக்க வேண்டும்.