கெட்டில்பெல் மேடையில் எதிராளி யாரு?

கெட்டில்பெல் போட்டியைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு விஷயம் தவறாமல் வந்துவிடும். இங்கே யாரும் யாருக்கும் எதிரி இல்லையாம், அவரவர் தன்னோடுதான் மோதுகிறாராம். பொய்யின்னு சொல்ல வரல. ஆனா அதை அந்த ஆட்களோட தங்கமான குணம் மாதிரி சொல்றாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது.

முதலில் ஆட்டம். கைப்பிடி வைத்த அதே இரும்புக் குண்டுதான். ரஷ்யாவில் அதற்குப் பெயர் கிர்யா. பூட் என்ற பழைய ரஷ்ய எடை சுமார் 16.4 கிலோ. இன்றைக்கும் குண்டுகள் 16, 24, 32 கிலோ என்று போவது அதனால்தான். சோவியத் ஒன்றியத்தின் முதல் தேசியப் போட்டி 1985ல் லிபெட்ஸ்க் நகரத்தில் நடந்தது.

நேரம் பத்து நிமிடம். இரண்டு குண்டுகளை நெஞ்சிலிருந்து தலைக்கு மேல் தள்ளுவது ஜெர்க். ஒற்றைக் குண்டைக் கால்களுக்கு நடுவிலிருந்து ஒரே வீச்சில் மேலே கொண்டுபோவது ஸ்னாட்ச். பழைய விதிப்படி ஒரு தடவைதான் கை மாற்றலாம். ஜெர்க்கில் முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கலாம். கீழே வைத்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் அதுவரை எண்ணியது எண்ணியதுதான். ஆறாவது நிமிடத்தில் கை விட்டுப்போனாலும் அந்த எண்ணிக்கை உங்களுடையது.

மல்யுத்தத்தில் எனக்குப் புள்ளி வேணும்னா எதிரில் இருப்பவர் சறுக்கணும். இங்கே பக்கத்து மேடைக்காரர் என் எண்ணிக்கையில் கை வைக்கவே முடியாது. அதுக்கு மேல தரப்பட்டியல் வேற. இந்த உடல் எடைக்கு, இந்தக் குண்டோடு, இத்தனை தடவை தூக்கினால் ‘மாஸ்டர் ஆஃப் ஸ்போர்ட்’ என்று கணக்கு. ஒரே நாளில் பத்து பேர் அதை எட்டினாலும் பத்து பேருக்கும் பட்டம் உண்டு. பந்தியில் இலை தீர்ந்துபோகும் கவலை இல்லாத இடத்தில் விருந்தாளிகள் தாராளமாத்தான் இருப்பாங்க. இதில் ஒரு வேடிக்கை. ‘உன்னை நீயே வெல்’ என்று இன்று ஜிம்களில் விற்கப்படும் தத்துவத்துக்குப் பின்னால் இருப்பது சோவியத் அரசு வகுத்த தர அட்டவணை!

இன்னொன்றும் உண்டு. இந்த ஆட்டம் ஒலிம்பிக்கில் இல்லை, பெரிய பரிசுப் பணமும் கிடையாது. அந்தப் பணம் வந்த பிறகும் தோழமை இப்படியே நிற்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

சரி, போட்டியே இல்லையா? இருக்கு. முதல், இரண்டாம் இடம் எல்லாம் உண்டு. ஜெர்க்குக்கு ஒரு புள்ளி, ஸ்னாட்சுக்கு அரைப் புள்ளி என்று கூட்டித்தான் பையத்லான் வெற்றியாளரைத் தீர்மானிக்கிறார்கள். வரிசையாக மேடைகள் போட்டு எல்லோரையும் ஒரே நேரத்தில் தூக்க விடுகிறார்கள். ஒவ்வொருவர் எண்ணிக்கையும் பக்கத்தில் தெரிகிறது. எட்டாவது நிமிடத்தில் முன்னங்கை கல்லாகிவிடும், பிடி நழுவும். அப்போது பக்கத்து எண் உங்களுடையதைவிட இரண்டு கூடுதல். வீட்டில் தனியாகத் தூக்கியிருந்தால் அந்த இடத்திலேயே குண்டைக் கீழே வைத்திருப்பீர்கள். இங்கே வைக்க மனசு வராது. அப்படி வரும் கடைசி பத்துப் பன்னிரண்டு தூக்கல்களை ‘சொந்தச் சாதனை’ என்று தனிக் கணக்கில் எழுதுவது பக்கத்து மேடைக்காரருக்குச் செய்யும் அநியாயம். இறங்கியதும் முதலில் அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்களே, எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியும்.