வெற்றியால் கழுவப்படும் பழி: விளையாட்டுத் திரைப்படங்களில் மன்னிப்பு

விளையாட்டைக் கருப்பொருளாகக் கொண்ட திரைப்படங்களுக்கு எழுதப்படாத இலக்கணம் ஒன்று உண்டு. கதைத்தலைவன் ஏதேனும் ஒரு களங்கத்தோடு நமக்கு அறிமுகமாவான். ஊரும் உறவும் அவனைப் புறக்கணிக்கும். இறுதி ஆட்டத்தின் இறுதி நொடியில் அக்களங்கம் நீங்கும். 1986இல் வெளிவந்த 'ஹூசியர்ஸ்' என்னும் அமெரிக்கப் படத்தில், மாணவ வீரன் ஒருவனை அடித்ததற்காகத் தடைசெய்யப்பட்ட பயிற்சியாளர், இந்தியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் கூடைப்பந்து அணியை மாநில வாகையர் ஆக்கியே தம் பழைய பெயரை மீட்கிறார். அந்த ஆட்டத்தில் அவ்வணி தோற்றிருந்தால் அவர் மன்னிக்கப்பட்டிருப்பாரா என்ற வினாவை அப்படம் எழுப்புவதில்லை. இவ்வகைப் படங்களில் பெரும்பாலானவை அவ்வினாவைத் தவிர்த்தே பிழைக்கின்றன.

மன்னிப்பு என்று தமிழில் நாம் ஒரே சொல்லால் குறிப்பதை அரபுமொழி பல சொற்களாகப் பகுத்து வைத்திருக்கிறது. 'தவ்பா' என்பதன் வேர்ப்பொருள் திரும்புதல். அது குற்றம் செய்தவனுடைய செயல். 'அஃப்வு' என்பது மன்னிப்பவரின் செயல். மணலில் பதிந்த தடத்தைக் காற்று அழிப்பதற்கும் அரபியர் அச்சொல்லின் வினையையே ஆள்வர். 'மக்ஃபிரா' என்பது மறைத்துக் காத்தல். போர்வீரனின் தலைக்கவசத்துக்கு 'மிக்ஃபர்' என்று பெயர் வந்ததும் அவ்வேரிலிருந்துதான். இவற்றினின்று முற்றிலும் வேறானது 'பராஅத்'. அது குற்றமே இல்லை என்று விடுபடுதல். குற்றமற்றவனுக்கு மன்னிப்பு தேவையில்லை. அவனுக்கு உரியது பராஅத். இந்த வேறுபாட்டை மனத்திற்கொண்டு பார்த்தால், இந்தியாவில் மிகவும் கொண்டாடப்பட்ட விளையாட்டுப் படங்களுள் ஒன்றின் அடித்தளத்திலேயே ஒரு விரிசல் தென்படும்.

ஷிமித் அமீன் இயக்க, ஜெய்தீப் சாஹ்னி எழுதிய 'சக் தே! இந்தியா' 2007 ஆகஸ்டில் வெளிவந்தது. தில்லியில் நடக்கும் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டம். பாகிஸ்தான் ஒரு கோல் முன்னிலையில் இருக்கிறது. இறுதி நிமிடங்களில் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக்கை இந்திய அணித்தலைவர் கபீர் கான் தவறவிடுகிறார். ஆட்டம் முடிந்தபின் எதிரணித் தலைவரின் கையைக் குலுக்குகிறார். அந்தப் புகைப்படம் போதுமானதாகிவிடுகிறது. அவர் முஸ்லிம் என்பதால் ஆட்டத்தை விலைபேசிவிட்டார் என்று பழி பரவ, பரம்பரை வீட்டைப் பூட்டிவிட்டுத் தாயோடு வெளியேறுகிறார். ஏழாண்டுகள் கழித்து, எவரும் பொருட்படுத்தாத மகளிர் அணிக்குப் பயிற்சியாளராக வந்து, ஆஸ்திரேலிய மண்ணில் உலகக் கோப்பையை வென்று தருகிறார். அந்த வெற்றியும் பெனால்டி ஸ்ட்ரோக்குகளாலேயே தீர்மானமாகிறது. அன்று விரட்டிய அண்டை வீட்டார் இன்று வரவேற்க, தாயும் மகனும் பழைய வீட்டுக்குத் திரும்புகின்றனர்.

ஷாருக் கானின் அடக்கமான நடிப்பும், பல மாநிலப் பெண்களை ஓரணியாகப் பிணைத்த திரைக்கதையும் உயர்ந்தவை என்பதில் எனக்கு ஐயமில்லை. வடகிழக்கிலிருந்து வந்த வீராங்கனையரை 'விருந்தினர்' என்று அழைப்பவரின் அறியாமையை அப்படம் சுட்டிக்காட்டும் நயம் எளிதில் மறக்கத்தக்கதன்று. ஆயினும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கபீர் கான் செய்த குற்றம் என்ன? ஒரு ஸ்ட்ரோக்கைத் தவறவிட்டது ஆட்டத்தின் இயல்பு, கைகுலுக்கியது பண்பாடு. குற்றம் செய்தவர்கள் பழி சுமத்தியவர்கள். அப்படியிருக்க, திரும்பிவர வேண்டியவரும் உழைத்துத் தீர்க்க வேண்டியவரும் அவரே என்றாகிறது. தவ்பாவின் சுமை முழுவதும் குற்றமற்றவரின் தோளில் ஏற்றப்படுகிறது. வரவேற்க வந்த கூட்டம் மன்னிப்புக் கேட்கவில்லை, மன்னித்துவிட்டதுபோல் நடந்துகொள்கிறது. அந்தக் கோப்பை ஒரு பெருங்கஃப்பாராவாக, அதாவது குற்றப் பரிகாரமாக ஏற்கப்படுகிறது. அது எந்தக் குற்றத்துக்கான பரிகாரம் என்று யாரும் கேட்பதில்லை.

இதே படத்தின் நடுவில் மகளிர் அணி ஆடவர் அணியோடு மோதிச் சிறு வேறுபாட்டில் தோற்கும் காட்சி ஒன்று உண்டு. தோல்வியிலேயே அப்பெண்கள் மதிப்பைப் பெறுகின்றனர். வெற்றியின்றியும் மானம் மீளும் என்பதைப் படம் அறிந்தே இருக்கிறது. கபீர் கானுக்கு மட்டும் அதை வழங்க அது துணியவில்லை.

இக்கதையை மீர் ரஞ்சன் நேகியின் வாழ்வோடு ஒப்பிடுவது வழக்கம். 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றபோது கோல் காத்தவர் அவர். கையூட்டுப் பெற்றார் என்ற பழி அவரை நெடுங்காலம் வாட்டியது. 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற மகளிர் அணியின் பயிற்சிக் குழுவில் அவர் இருந்தார். இப்படத்தின் நடிகையருக்குப் பயிற்சி தந்தவரும் அவரே. படம் அவருடைய வரலாறு அன்று என்பதே படைத்தவர்களின் கூற்று. நேகி முஸ்லிம் அல்லர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். பழி எவர்மேலும் விழலாம். ஆனால் கபீர் கான் என்ற பெயருடையவருக்கு அது கூடுதல் எளிமையோடு ஒட்டிக்கொள்கிறது என்பதைப் படம் நேர்மையாகவே காட்டியது. 2021 அக்டோபரில் துபாயில் இந்தியக் கிரிக்கெட் அணி பாகிஸ்தானிடம் பத்து விக்கெட் வேறுபாட்டில் தோற்றபோது முகமது ஷமிமேல் பொழிந்த வசைகள் அதை மெய்ப்பித்தன. தோற்றது பதினொருவர், வசைக்கு ஆளானவர் ஒருவர். அணித்தலைவர் விராட் கோலி வெளிப்படையாக அவருக்குத் துணைநின்றது பாராட்டத்தக்கது. 2023 உலகக் கோப்பையில் ஷமி 24 விக்கெட்டுகளை வீழ்த்தி, மும்பை அரையிறுதியில் நியூசிலாந்தின் ஏழு பேரை 57 ஓட்டங்களுக்கு வெளியேற்றியபோது நாடே அவரைத் தோளில் சுமந்தது. திரைக்கதை அப்படியே நிகழ்ந்துவிட்டது போலிருந்தது. ஏழு விக்கெட் எடுக்க இயலாத ஒரு ஷமியின் நிலை என்ன?

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இங்கு ஓர் ஒப்பீடு தோன்றாமல் இராது. அரசனின் கனவுக்கு விளக்கம் தந்தபின் சிறைக்கதவு திறந்து அழைப்பு வந்தபோது, அவர்கள் உடனே வெளியேறவில்லை. தம்மீது சுமத்தப்பட்ட பழி முதலில் விசாரிக்கப்பட வேண்டும் என்றார்கள். தம் திறமை அரசனுக்குத் தேவைப்பட்ட தருணத்தில், அத்திறமையை விலையாகக் கொடுத்துப் பழியை மறக்கடிக்க அவர்கள் விரும்பவில்லை. பராஅத் முதலில் வந்தது. பதவி பின்னர் வந்தது. சகோதரர்கள் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது மன்னித்தவரும் அநீதிக்கு உள்ளான அவர்களே. கபீர் கானுக்கு அந்த விசாரணை கிட்டவில்லை. மன்னிக்கும் உரிமையும் கிட்டவில்லை.

அசுதோஷ் கோவாரிகரின் 'லகான்' (2001) இவ்விடத்தில் நுட்பமானது. 1893இல் வரிவிலக்குக்காக ஆங்கிலேயரோடு கிரிக்கெட் ஆடும் சிற்றூர் அணியில், லாக்கா என்னும் விறகுவெட்டி பொறாமையால் ஆங்கிலத் தளபதிக்கு உளவு சொல்கிறான். முதல்நாள் இரவில் குட்டு உடைகிறது. ஊரார் அவனைக் கொல்லத் துரத்த, கோயிலுக்குள் புகுந்து கதவடைத்துக்கொள்கிறான். தலைவன் புவன் அவனிடம் சென்று பேசி, அவன் அழுகையைக் கேட்டு, மறுநாளும் களமிறங்க இடம் தருகிறான். இங்கே குற்றம் மெய், ஒப்புக்கொள்ளலும் மெய், மன்னிப்பு ஆட்டத்தின் முடிவுக்கு முன்பே தரப்பட்டுவிடுகிறது. மறுநாளே லாக்காவை அரிய கேட்ச் ஒன்றைப் பிடிக்க வைத்து அம்மன்னிப்புக்கு உடனடி இலாபம் காட்ட இயக்குநர் அவசரப்பட்டது சற்றே ஏமாற்றம் தந்தது. அக்கேட்சை அவன் நழுவவிட்டு, அதன்பின்னும் புவன் அவனை வெறுக்காதிருந்தால் அப்படம் எத்துணை உயர்ந்திருக்கும்!

அந்தத் துணிவு ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியிடம் இருந்தது. 1997இல் வந்த அவருடைய 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தை விளையாட்டுப் படமாகக் கொள்ளலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஓட்டப்பந்தயத்தில் முடியும் கதைக்கு அவ்விடத்தை மறுப்பதற்கில்லை. செப்பனிட்ட தங்கை ஸஹ்ராவின் காலணிகளைச் சிறுவன் அலீ தொலைத்துவிடுகிறான். ஏழைத் தந்தைக்குத் தெரியாமல் இருவரும் ஒரே சோடிக் காலணியை மாற்றி மாற்றி அணிந்து பள்ளிக்கு ஓடுகிறார்கள். தொலைந்த காலணி வேறொரு மாணவியின் காலில் இருப்பதை ஸஹ்ரா காண்கிறாள்; அண்ணனும் தங்கையும் அவள் வீடுவரை பின்தொடர்கிறார்கள். அங்கே அச்சிறுமியின் தந்தை பார்வையற்றவர் எனக் கண்டதும், ஒரு சொல்லும் பேசாது திரும்பிவிடுகிறார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்த மௌனத்துக்கு நிகரான மன்னிப்புக் காட்சி எந்த ஆட்டக்களத்திலும் படமாக்கப்பட்டதாக நான் அறியேன்.

பின்னர் ஓட்டப்பந்தயம் வருகிறது. மூன்றாம் பரிசு ஒரு சோடிக் காலணி என்பதால் அலீ மூன்றாவதாக வரவே ஓடுகிறான்; இடையில் விழுந்தெழுந்து ஓடி, தன்னை அறியாமலே முதலிடம் பெற்றுவிடுகிறான். ஊர் அவனைத் தூக்கிக் கொண்டாட, அவன் தலை குனிந்து நிற்கிறான். வெற்றி அவனுடைய கடனைத் தீர்க்கவில்லை. வெறுங்கையோடு வீடு திரும்பியவனைத் தங்கை ஏமாற்றத்தோடு பார்க்கிறாள். தந்தையின் மிதிவண்டியில் புதிய காலணிகள் வந்துகொண்டிருப்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. கொப்புளம் கண்ட கால்களை அவன் முற்றத்துத் தொட்டி நீரில் வைக்க, மீன்கள் அவற்றைச் சூழ்கின்றன. ஸஹ்ரா அந்தக் காலணிகளை அணியும் காட்சியை மஜீதி காட்டவே இல்லை.