ஆகமப் பதிப்பும் பொதுக்கல்வியும்

இந்நாளில் பீங்கான் தொழிலாலும் அறியப்படும் விருத்தாசலம், சைவர்க்குத் திருமுதுகுன்றமாம். அத்தலத்துத் திருக்கோயிலில் 28 ஆகமங்களின் பெயரால் 28 இலிங்கங்கள் விளங்குகின்றன. அவற்றை முருகப்பெருமான் நிறுவிப் பூசித்தார் என்பது தலமரபு. ஆயின், அவ்வாகமங்கள் கூறுவன யாவை எனக் கற்க விரும்பினார்க்கு நூல் கிடைத்தல் நெடுங்காலம் அரிதாயிருந்தது. காமிகம், காரணம் முதலிய சில கிரந்த எழுத்தில் முன்னரே அச்சேறின; பல ஓலையிலேயே கிடந்தன.

1955-இல் புதுச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு நிறுவனம் இக்குறையை நீக்க முற்பட்டது. அதனை நிறுவிய ழான் பிலியோசா சுவடித் தொகுப்புக்கு வழிவகுத்தார், என். ஆர். பட் பதிப்புப் பணியை ஏற்றார். மூலாகமங்களுள் இரௌரவத்தின் முதற்றொகுதி 1961-இலும், அசிதத்தின் முதற்றொகுதி 1964-இலும் வெளிவந்தன. உபாகமங்களுள் மிருகேந்திரம் 1962-இலும், மதங்கத்தின் வித்தியாபாதம் 1977-இலும் வெளிவந்தன.

இப்பதிப்புகளின் பெருமை அச்சிட்டமை மாத்திரத்தால் அமைவதன்று. ஏடெழுதுவோர் பிழையெனக் கருதியதைத் தாமே திருத்திச் செல்லின், பின்வருவோர் அத்திருத்தத்தையே மூலமெனக் கொள்வர். இங்கோ, ஒப்புநோக்கிய சுவடிகள் இவையெனக் கூறி, கொண்ட பாடத்தை மேலும் ஏனைய பாடங்களை அடியிலும் பதிப்பாசிரியர் வைத்தார். அவர் கொண்டதை மறுப்பதற்குரிய கருவியையும் அவரே கற்பார் கையில் தந்தார் என்க. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் பிறர் கொள்கையை முன்வைத்துப் பின் மறுத்த அருணந்தி சிவாசாரியர் வழிவந்தார்க்கு இம்முறை புதிதன்று. ஆராய்ச்சி பொதுவறிவாவது முடிவைச் சொல்லுதலால் மட்டுமன்று, முடிவுக்கு வந்த வழியைக் காட்டுதலாலேயாம்.

எனினும் ஒரு குறை உண்டு. இரௌரவத்தின் முகவுரை பிரெஞ்சு மொழியில் உள்ளது. மூலம் நாகரி எழுத்தில் உள்ளது. மிருகேந்திரத்தின் ஞானயோகப் பகுதிகள் 1980-இலும், கிரியை சரியைப் பகுதிகள் 1985-இலும் பிரெஞ்சில் பெயர்க்கப்பெற்றன; அசிதம் 2005-இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பெற்றது. அறிஞருலகிற்கு இவை பெரும்பேறே. ஆயின், தமிழ் மட்டுமே அறிந்து சித்தாந்தம் பயிலும் மாணாக்கர்க்கு இம்மொழிபெயர்ப்புகள் எட்டா. அச்சுவடிகளுட் பல தமிழ்நாட்டுக் குருக்கள் இல்லங்களிலும் மடங்களிலும் காக்கப்பெற்றவை என்பதை நினைப்பின், இக்குறை மேலும் உறுத்தும்.

புதுச்சேரியிலுள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அப்பெருமையில் மகிழ்வதோடு அமையாது, பாடவேறுபாடுகளையும் விடாது ஆகமங்களைத் தமிழிற் பெயர்த்துப் பாடசாலைகளிற் பயிற்றுதல் சைவர் கடன். அப்பயிற்சி பெற்றார், திருமுதுகுன்றத்து இலிங்கங்களை வலம்வருங்கால், பெயரோடு பொருளையும் உணர்ந்து வணங்குவர்.