மலைக்கு ஏற்ற மூச்சு

நல்ல மெக்கானிக் ஒருவர் டூ-ஸ்ட்ரோக் வண்டியின் கார்புரேட்டரை மலைக்குத் தயார் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது தனி சுகம். ஆனைக்குட்டம் அணைப் பக்கத்துச் சமவெளியில் சிணுங்காமல் ஓடும் ஆர்எக்ஸ் 100, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலை நெருங்கும்போது தொண்டை கட்டிக்கொள்ளும். மேலே காற்று மெலிது. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. வெடிப்பு விட்டுவிட்டு வரும், புகை கூடும், இழுவை சோரும். ரெய்டு டி ஹிமாலயா போன்ற இமயமலைப் பந்தயங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கடுமை.

மருந்து என்னவோ சின்னதுதான். கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் நகத்தளவுப் பித்தளை ஜெட்டைக் கழற்றி, ஓர் அளவு சிறியதைப் போடுவார்கள். ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலேற்றினால் ஊசி சற்றே கீழிறங்கிப் பெட்ரோலைக் குறைக்கும். பிறகு காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூ. கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருகி, கண்ணை மூடிக் கேட்பார்கள். குழறிய சத்தம் மெல்லத் தெளிந்து, ஆக்சிலேட்டரைத் தொட்டதும் 'ணங்'கென்று எழும் கணம் இருக்கிறதே, அதை எந்த மீட்டரும் எனக்கு அவ்வளவு அழகாகக் காட்டியதில்லை. முழு வேகத்தில் ஓட்டி, சட்டென அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார்கள். கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் சரி. அவசரக்காரருக்கு இந்த வேலை வசப்படாது. மலையிறங்கியதும் மறக்காமல் பழைய ஜெட்டைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.