வகுப்பறைக்குள் ஒரு சந்தை

இயற்பியலுக்கு ஆய்வுக்கூடம் உண்டு, பொருளாதாரத்துக்குக் கரும்பலகை மட்டுந்தான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இது சரியன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு சேம்பர்லின், தம் வகுப்பையே சந்தையாக்கி நடத்திய 46 சோதனைகளின் முடிவுகளை 1948-லேயே வெளியிட்டார். பேரம் பேசவும் ஒத்துழைக்கவும் மாணவர்க்குக் கற்றுத்தரும் வழி என்று இத்தகைய சோதனைகள் இன்று பாராட்டப்படுகின்றன. அந்தப் பாராட்டு முழுவதும் பொருந்துமா?

சேம்பர்லினின் முறை எளியது. மாணவர்களில் சிலர் விற்பவர், மற்றவர் வாங்குபவர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு. இதற்குக் கீழே விற்காதே என்று ஒருவர் சீட்டிலும், இதற்கு மேலே கொடுக்காதே என்று மற்றவர் சீட்டிலும் ஒரு விலை இருக்கும். எல்லோரும் அறையைச் சுற்றிவந்து இருவர் இருவராகப் பேரம் பேசுவார்கள். தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டும் இடத்தில் விலை நிற்கும் என்பது பாடப்புத்தகம். விலை அங்கே நிற்கவில்லை. 42 சோதனைகளில் கணக்குக்கு மிஞ்சிய விற்பனை நடந்தது.

இத்தகைய சோதனையொன்றில் மாணவராக இருந்தவர் வெர்னான் ஸ்மித். அவர் 1956 ஜனவரியில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இரண்டே மாற்றங்களுடன் இதைத் திரும்பச் செய்தார். விலையை எல்லோர் காதிலும் விழும்படி கூவச் சொன்னார். அதே சீட்டுகளுடன் பல சுற்றுகள் நடத்தினார். விலை சுற்றுக்குச் சுற்று ஒடுங்கி, வெட்டும் புள்ளியருகே வந்து நின்றது. (நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலைக்கும், மீன் ஏலத்தில் கூவிக் கேட்கும் விலைக்கும் உள்ள வேற்றுமையே இது.) 2002-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஸ்மித்தும் ஒருவர். ஊசலின் ஒரே ஓர் அலைவை அளந்து முடிவெழுதும் மாணவனை நாங்கள் திருப்பி அனுப்புவோம். அந்த வகையில் ஸ்மித் செய்ததே முறையான சோதனை.

ஆனால் மாணவர்கள் பேரம் கற்றார்களா? 1993-இல் தனஞ்சய் கோடே, ஷியாம் சுந்தர் என்ற இருவர், மாணவர்களின் இடத்தில் குருட்டாம்போக்காக விலை சொல்லும் கணிப்பொறி நிரல்களை வைத்தார்கள். நட்டம் வரும் விலையைச் சொல்லக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. எதையும் கற்காத அந்த நிரல்கள், சந்தையில் கிடைக்கக்கூடிய மொத்த ஆதாயத்தில் ஏறக்குறைய முழுவதையும் ஈட்டிவிட்டன. அப்படியானால் வேலையில் பெரும்பகுதியைச் செய்தது சந்தையின் விதி. ஆளின் சாமர்த்தியம் அன்று. ஆசிரியர் இதைச் சொல்லாவிட்டால், மாணவன் தன் திறமையை மெச்சிக்கொண்டு வீடு போவான்.

ஒத்துழைப்புச் சோதனையில் சிக்கல் இன்னும் பெரிது. நால்வருக்குத் தலைக்கு 20 காசு. பொது உண்டியலில் விழும் ஒவ்வொரு காசுக்கும் நால்வருக்கும் தலைக்கு 0.4 காசு கிடைக்கும். எல்லோரும் முழுவதும் போட்டால் ஆளுக்கு 32. ஒருவரும் போடாவிட்டால் 20. மூவர் போட்டு ஒருவர் பதுக்கினால் மூவருக்கும் 24, பதுக்கியவருக்கோ 44! முதற்சுற்றில் சராசரியாகப் பாதியளவு உண்டியலில் விழும். சுற்றுகள் ஏற ஏற அது தேயும். பல முறை பல இடங்களில் கண்ட முடிவு இது.

இத்துடன் மணி அடித்தால் மாணவன் கற்றது என்ன? கொடுப்பவன் ஏமாளி என்பதைத்தான். 1981-இல் மார்வெல், ஏம்ஸ் இருவரும் இத்தகைய சோதனையில், பொருளாதாரம் படிக்கும் பட்டமேற்படிப்பு மாணவர்கள் மற்றவர்கள் கொடுத்ததில் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை என்று கண்டார்கள். படிப்பு அப்படி ஆக்கியதா, அப்படிப்பட்டவர்களே அப்படிப்பைத் தேடிப் போனார்களா என்பது அதிலிருந்து விளங்காது. எனினும் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

சோதனை அங்கே முடிய வேண்டியதில்லை. சுற்றுக்கு முன் நால்வரையும் கலந்துபேச விட்டால் உண்டியல் நிறைகிறது. பதுக்குபவருக்கு, தம் கைக்காசைச் செலவிட்டாவது, பிறர் அபராதம் போட இடங்கொடுத்தாலும் நிறைகிறது. இதனை ஃபேர், கேக்டர் இருவரும் 2000-இல் காட்டினார்கள். ஒரு பாடவேளைக்குள் முடிக்கும் அவசரத்தில் முதலில் வெட்டப்படக்கூடியவை இச்சுற்றுகளே. நேரம் போதாவிட்டால் பேச்சில்லாத சுற்றுகளைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைக்கலாம். மீதி நேரத்தைப் பேச்சுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு உண்டியல்களின் கணக்கையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப்போடலாம்.