இணையம் நின்றபின் அஜாக்ஸ் ஹப் 2 பிளஸ்

கம்பியில்லா வீட்டுப் பாதுகாப்புக் கருவியை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, வீட்டின் இணைய இணைப்பு நின்றுபோனால் கருவியும் செயலிழந்துவிடுமா என்பதாகும். வைஃபை கேமராவையும் கைப்பேசிச் செயலியையும் மட்டும் நம்பியிருக்கும் வீடுகளில் இந்த அச்சம் முற்றிலும் நியாயமானது. அத்தகைய கேமரா தான் பார்த்ததைத் தொலைவிலுள்ள சர்வருக்கு அனுப்பியே எச்சரிக்கை தருவதால், ரௌட்டர் அணைந்த கணமே அது எதையும் எவருக்கும் சொல்ல இயலாததாகிவிடுகிறது. உக்ரைன் தலைநகர் கீவில் 2011இல் தொடங்கப்பட்ட அஜாக்ஸ் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஹப் 2 பிளஸ் இதற்கு மாறான அடிப்படையில் அமைந்திருக்கிறது என்பதே அதை ஆராய்ந்து பார்க்கத் தூண்டும் காரணம்.

ஹப் என்பது வீட்டிலுள்ள உணரிகள் அனைத்தும் பேசும் மையப் பெட்டி. கதவு திறப்பதையும் அறையில் ஆள் நடமாடுவதையும் கண்டறியும் சென்சார்களே இங்கு உணரிகள் எனப்படுகின்றன. இவை ஹப்புடன் பேசுவது வைஃபை வழியாக நடப்பதில்லை. ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் இயங்கும் ஜுவல்லர் என்னும், அஜாக்ஸ் நிறுவனத்தின் சொந்த வானொலி நெறிமுறை, அதாவது கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதித்தொகுப்பு, அதற்குப் பயன்படுகிறது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிடத் தாழ்ந்த அலைவரிசையாதலால் இது சுவர்களைக் கடப்பதில் வல்லது. சிறு செய்திகளை மட்டுமே அனுப்புவதால் மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகிறது. கதவு உணரி ஒரே சிஆர்123ஏ பேட்டரியில் 7 ஆண்டுகள் வரை இயங்கும் என்று நிறுவனம் குறிப்பிடுவதற்கு இந்தச் சிக்கனமே அடிப்படை. திறந்தவெளியில் 2,000 மீட்டர் வரை என்று சொல்லப்படும் எட்டும் தூரம் கான்கிரீட் வீட்டுக்குள் பெரிதும் சுருங்கிவிடும் என்பதால், உணரியைச் சுவரில் பொருத்துமுன் செயலியிலுள்ள சமிக்ஞைச் சோதனையைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

இந்த அமைப்பின் பயன் இணையத்தைத் துண்டித்துப் பார்க்கும்போதுதான் தெளிவாகத் தெரிகிறது. ஹப்பின் முகப்பிலுள்ள நிறுவனச் சின்னமே அதன் நிலைகாட்டி விளக்காகவும் இருக்கிறது: குறைந்தது இரண்டு வழிகளில் சர்வரோடு தொடர்பு இருந்தால் வெள்ளையாகவும், ஒரே வழி எஞ்சியிருந்தால் பச்சையாகவும், எந்த வழியும் இல்லையென்றால் சிவப்பாகவும் அது ஒளிர்கிறது. ஈதர்நெட் கம்பியைக் கழற்றி, வைஃபையை அணைத்து, சிம் அட்டைகளையும் எடுத்துவிட்டுச் சின்னம் சிவப்பாக மாறிய பிறகும், காவல் நிலையில் இருக்கும் ஹப் கதவு திறக்கப்பட்டதை உணர்ந்து சைரனை ஒலிக்கச் செய்யும். ஏனெனில் எது அபாயம், எந்த சைரன் ஒலிக்க வேண்டும் என்ற முடிவு வீட்டுக்குள்ளிருக்கும் பெட்டியிலேயே எடுக்கப்படுகிறது. இணையம் தேவைப்படுவது அந்த முடிவை வெளியே இருப்பவருக்குத் தெரிவிப்பதற்கு மட்டுமே.

ஆயினும் இங்கே இரண்டு குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. முதலாவதாக, ஹப்பினுள் உரத்த சைரன் கிடையாது. அமேசானின் ரிங் அலாரம் தன் மையப் பெட்டியிலேயே சைரனை வைத்திருக்க, அஜாக்ஸில் ஹோம்சைரனையோ ஸ்ட்ரீட்சைரனையோ தனியாக வாங்கியாக வேண்டும், இல்லையெனில் இணையம் அற்ற வீட்டில் ஹப் அறிந்த அபாயம் ஒலியாக வெளிப்படாது. இரண்டாவது குறை இன்னும் கவனத்துக்குரியது. கைப்பேசிச் செயலி ஹப்புடன் நேரடியாகப் பேசுவதில்லை, நிறுவனத்தின் கிளவுட் சர்வர் வழியாகவே பேசுகிறது. ஆகவே எல்லா வழிகளும் அடைபட்ட நிலையில், ஹப்புக்குப் பக்கத்திலேயே நின்றாலும் செயலியைக் கொண்டு காவலைப் போடவோ எடுக்கவோ முடியாது. சுவரில் பொருத்தும் கீபேடும் சாவிக்கொத்தில் மாட்டும் ரிமோட்டும் ஜுவல்லர் வழியாகவே பேசுவதால் அப்போதும் வேலை செய்கின்றன. பணத்தை மிச்சப்படுத்தக் கீபேடைத் தவிர்ப்பவர்கள் மிகத் தவறான இடத்தில் சிக்கனம் பார்க்கிறார்கள்.

வெளித்தொடர்புக்கு ஹப் 2 பிளஸ் ஈதர்நெட், வைஃபை, இரண்டு சிம் அட்டைகள் எனப் பல வழிகளைத் தருகிறது; 4ஜி வரை ஆதரிக்கிறது. சிம் வசதிக்கென நிறுவனத்துக்கு மாதச் சந்தா கட்ட வேண்டியதில்லை, சிம்முக்கான கட்டணம் மட்டுமே உண்டு. ரிங் அலாரத்தில் கைப்பேசி வலையமைப்பு வழியான மாற்று இணைப்பு சந்தாதாரர்களுக்கு மட்டுமே கிடைப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய நன்மை. மொபைல் டேட்டா இல்லாமல் குரல் அழைப்பு மட்டும் கிடைக்கும் நேரத்தில் ஹப் தன் சிம்மிலிருந்தே உரிமையாளருக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் அனுப்பக்கூடியது. ஆனால் வெள்ளை விளக்கைக் கண்டு முழு நம்பிக்கை கொள்வது ஆபத்து. ஈதர்நெட்டும் வைஃபையும் ஹப்பின் கணக்கில் இரண்டு வழிகளாக இருந்தாலும், இரண்டும் ஒரே ரௌட்டரில் முடிந்து ஒரே கம்பி வழியாக வெளியேறுவதால், ரௌட்டர் அணையும்போது இரண்டும் சேர்ந்தே அறுந்துவிடும்.

சிம் அட்டையைத் தேர்ந்தெடுப்பதிலும், வழிகள் உண்மையிலேயே தனித்தனியானவையா என்ற இதே கேள்வி எழுகிறது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தின் மைய வலையமைப்பில் செய்யப்பட்ட ஒரு மாற்றம் பிழையாகிப்போனதால், 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு வீட்டு இணையமும் கைப்பேசிச் சேவையும் ஒருசேர நின்றன. வீட்டு இணைப்பையும் மாற்றுச் சிம்மையும் அதே நிறுவனத்திடம் வாங்கியிருந்த வீட்டில் அன்று மாற்று வழி என்று எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே வீட்டு இணையம் ஒரு நிறுவனம், இரண்டு சிம்களும் வேறு வேறு நிறுவனங்கள் என்று அமைத்துக்கொண்டால்தான் இந்தக் கருவியின் விலைக்குப் பொருள் இருக்கும். சிம்கள் ஒரு நேரத்தில் ஒன்றாகவே இயங்குவதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதையும் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

எல்லா வழிகளும் ஒரே சமயத்தில் அடைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அஜாக்ஸ் தரும் விடையே இக்கருவியில் மிகவும் பாராட்டத்தக்கது. சர்வரும் ஹப்பும் குறித்த இடைவெளியில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்கின்றன. 10 முதல் 300 வினாடி வரை அமைக்கக்கூடிய இந்த விசாரிப்புக்குத் தொடர்ந்து பதில் வராவிட்டால், ஹப்பின் தொடர்பு அறுந்தது என்று சர்வரே உரிமையாளருக்கு அறிவிக்கிறது. கம்பியை வெட்டி, அலைகளைக் குழப்பும் கருவியையும் கொண்டுவரும் திருடன் ஹப்பின் செய்தியைத் தடுக்கலாம், ஆனால் அதன் மௌனமே செய்தியாகிவிடுவதைத் தடுக்க முடியாது. ஹப் உணரிகளையும் இவ்வாறே 12 முதல் 300 வினாடிக்கு ஒருமுறை விசாரிக்கிறது. இடைவெளியைக் குறைத்தால் துண்டிப்பு விரைவில் தெரியவரும். அதற்கு ஈடாக உணரிகளின் பேட்டரி ஆயுள் குறையும், சிக்னல் தள்ளாடும் பகுதிகளில் வீண் எச்சரிக்கைகளும் வரும்.

இணையம் நிற்பதற்கு மின்தடையே பெரும்பாலும் காரணமாதலால் பேட்டரியையும் பார்த்தாக வேண்டும். ஹப்பின் உள் பேட்டரி சுமார் 15 மணி நேரம் தாங்கும் என்பது நிறுவனக் குறிப்பு. ரிங் சொல்லும் 24 மணி நேரத்தை விட இது குறைவு. மின்சாரம் போனதை முகப்பு விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்து காட்டுகிறது. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் முழுமையாக இருண்டபோது, கோபுரங்களின் பேட்டரிகள் தீரத்தீரக் கைப்பேசிச் சேவையும் பல இடங்களில் நின்றுபோனது. அத்தகைய நாளில் ஹப்பின் பேட்டரி மிஞ்சியிருந்தாலும் பேசுவதற்குக் கோபுரம் இராது, சைரன் மட்டுமே துணை. 2022 அக்டோபர் முதல் மின்கட்டமைப்பின் மீது நடந்த ரஷ்யத் தாக்குதல்களால் நீண்ட மின்வெட்டுகளைச் சந்தித்த உக்ரைனியர்களுக்கு 15 மணி நேரம் போதுமானதன்று. ஹப்பின் வழக்கமான மின்பலகைக்குப் பதிலாக 12 வோல்ட் பலகையைப் பொருத்தி வெளி பேட்டரியில் இயக்கும் வசதியை நிறுவனம் தருகிறது. மின்தடை மிகுந்த ஊர்களில் அதையும் சேர்த்தே வாங்குவது நல்லது.

ஐரோப்பாவில் வாழும் உறவினர் வழியாக இக்கருவியை இந்தியாவுக்குக் கொண்டுவர எண்ணுவோர் அலைவரிசையைச் சரிபார்க்க வேண்டும். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்ட பகுதி 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. ஐரோப்பிய வகை 868.0 முதல் 868.6 வரை இயங்குவதால் இந்த எல்லைக்கு வெளியே விழுகிறது. ஜுவல்லரின் அலைவரிசை விற்பனைப் பகுதிக்கேற்ப மாறுவதோடு, ஹப்பும் உணரிகளும் ஒரே அலைவரிசையைச் சேர்ந்தவையாக இருந்தால்தான் ஒன்றோடொன்று பேசும்.