ஈயச் சிப்பாயின் தலைப்பாகை

எச். ஜி. வெல்ஸைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது கால யந்திரத்தையும் செவ்வாய்க் கிரகவாசிகளையும் தாண்டி வருவதில்லை. 1913இல் அவர் வெளியிட்ட 'லிட்டில் வார்ஸ்' வெறும் விளையாட்டு விதிப் புத்தகம், ஆகவே விமர்சனத்தின் எல்லைக்குள் வராது என்பது எண்ணமாக இருக்கலாம். எனக்கு இது உடன்பாடில்லை. அது ஒரு பிளவுபட்ட பிரதி. பொம்மைச் சிப்பாய்களைத் தரையில் பரப்பி யுத்தம் நடத்துவது எப்படி என்று தொடங்கி, நிஜ யுத்தம் எத்தனை மடத்தனம் என்ற உபதேசத்தில் முடிகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கலைஞன் தன்னை மறந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். நான் பேச விரும்புவது அவனைப் பற்றித்தான்.

ஆரம்பம் அற்பமானது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் கிடந்த ஒரு ஸ்பிரிங் பீரங்கியை எடுத்து விருந்தாளி ஒருவர் பொம்மைச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தப் பார்க்கிறார். புத்தகத்தில் முதலெழுத்துகளால் மட்டும் சுட்டப்படும் அந்த விருந்தாளி ஜெரோம் கே. ஜெரோம் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. மரக் குண்டு பட்டுப் பொம்மை விழுகிறது. அந்தச் சந்தோஷத்துக்கு வெல்ஸ் ஒரு வடிவம் தேடுகிறார். காலாள் ஒரு தடவைக்கு ஓரடி நகரலாம், குதிரை இரண்டடி. பீரங்கியைச் சுற்றி ஆறு அங்குலத்துக்குள் நான்கு ஆட்களாவது நிற்காவிட்டால் அது சுடாது. பகடை கிடையாது, குறி பார்த்துச் சுட வேண்டும், விழுந்தவன் செத்தான். இந்த விதிகளில் ஒரு கவிஞனுக்குரிய சிக்கனம் இருக்கிறது. முக்கியமாக அந்த நான்கு ஆள் விதி. ஆளில்லாத பீரங்கி வெறும் உலோகம் என்பதை அவர் வர்ணிக்கவில்லை, விதியாக்கிவிட்டார். படிமம் செய்ய வேண்டிய வேலையை இங்கே ஒரு அளவு செய்துவிடுகிறது.

பிறகு 'ஹூக்ஸ் ஃபார்ம் யுத்தம்' வருகிறது. வெல்ஸ் தளபதியின் குரலை எடுத்துக்கொண்டு, புகைப்படங்கள் சகிதம், தன் வெற்றியைப் பீற்றிக்கொள்கிறார். ஓய்வுபெற்ற ஜெனரல்கள் எழுதும் நினைவுக் குறிப்புகளின் அசல் நகல். எதிராளியை மட்டம் தட்டுவதும் தன் தவறுகளைத் தந்திரமாகக் காட்டுவதும் அப்படியே. புத்தகத்தின் உயிருள்ள பகுதி இதுதான், ஏனென்றால் இங்கே அவர் தன் சந்தோஷத்தை ஒளிக்கவில்லை. கொல்வது போன்ற பாவனையில் ஒரு ருசி இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு, அதைக் கேலியும் செய்கிறார்.

கடைசியில் குரல் மாறிவிடுகிறது. இதை மூன்று நான்கு தடவை விளையாடினால் போதும், பெரிய யுத்தம் எவ்வளவு குளறுபடியான சமாச்சாரம் என்று தெரிந்துவிடும் என்கிறார். அதற்கு முன்னாலிருக்கும் பக்கங்களில் இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. மறு வருஷமே, 1914இல், யுத்தங்களுக்கு முடிவு கட்டப்போகும் யுத்தம் இது என்ற பொருளில் தலைப்பிட்டு அவர் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். இதை வைத்து அவரை வேஷதாரி என்று நான் சொல்லவில்லை. அந்த நீதி விளையாட்டின் உள்ளிருந்து பிறக்கவில்லை, வெளியிலிருந்து ஒட்டப்பட்டது என்பதே என் குற்றச்சாட்டு. கடைசிப் பாராவில் திடீரென்று மனித நேயம் பொங்கி வழியும் கதைகளை நாமும் படித்திருக்கிறோம். (சிலர் எழுதியும் இருக்கிறோம்.)

வெல்ஸுக்கு முன்னாலேயே இந்தப் பொம்மைகளிலிருந்து இலக்கியம் பிறந்திருக்கிறது. 1826இல் பாட்ரிக் பிராண்டி லீட்ஸிலிருந்து மகன் பிரான்வெலுக்கு ஒரு பெட்டி மரச் சிப்பாய்கள் வாங்கி வந்தார். பன்னிரண்டு பேர். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டார்கள். ஷார்லட் தன்னுடையதற்கு வெலிங்டன் பிரபு என்று பெயர் வைத்தாள், பிரான்வெல் போனபார்ட் என்றான். அந்தப் பன்னிருவரும் ஆப்பிரிக்கக் கரையில் நகரம் சமைத்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள், அரசியல் பண்ணினார்கள், செத்தார்கள். செத்தவர்களைப் பிள்ளைகள் பூதங்களாகத் தோன்றி மறுபடி எழுப்பினார்கள். 'ஜேன் அய்ர்', 'வுதரிங் ஹைட்ஸ்' இரண்டுக்கும் பின்னால் இந்த மரப் பெட்டி இருக்கிறது. சாவைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் அதிகாரம் தன் கையில் இருப்பதாக எண்ணும் வயதில் ஒருத்தி எழுதத் தொடங்குகிறாள். அந்த அதிகாரம் போன பின்பும் எழுதுகிறாளா என்பதுதான் பிற்பாடு வரும் பரீட்சை.

வெலிங்டன் பிரபுவுக்குத் திரும்ப வருவேன். அதற்கு முன் என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறு ஊரில் இரண்டு குளிர்காலங்கள் இருக்க நேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் சங்கத்துக்கு அழைத்துப் போனார். சர்ச் கூடம். ஆறடிக்கு நாலடி மேஜைகள் நான்கு, தேநீர்க் கெட்டில், பதினான்கு பேர். நம் பத்திரிகையை முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படிக்கிறவர்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எனக்கு உடனே பழகிவிட்டது. சண்டைகளும் நமக்குப் பரிச்சயமானவையே. ஒரு கோட்டின் காலர் மஞ்சளா வெளிர்மஞ்சளா என்பதில் முறைத்துக்கொண்டு பேசாமல் இருந்த இருவரை அங்கே பார்த்தேன். நம்மிடையே ஒற்றெழுத்துக்காகப் பேசாமல் இருப்பவர்கள் உண்டு.

இந்த விளையாட்டின் பூர்வோத்தரம் நீளமானது. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் ராணுவப் பயிற்சிக்காக வரைபடமும் பகடையும் நடுவரும் வைத்து வகுத்த 'கிரீக்ஸ்ஷ்பீல்' ஒரு கிளை. அதை வெல்ஸ் வறட்டுச் சரக்கு என்று நினைத்தார். 1962இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' வந்த பின்பு ஆங்காங்கே சங்கங்கள் பெருகின. 1975இல் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப், 1983இல் 'வார்ஹாமர்', 1987இல் அதன் எதிர்கால வடிவமான 'வார்ஹாமர் 40,000' என்று இது இன்று பெரிய வியாபாரம். அழுகிய பேரரசு ஒன்றைக் கேலி செய்யத் தொடங்கிய அந்தக் கற்பனையுலகத்தில் கேலி மங்கி, பேரரசின் கம்பீரம் மட்டும் மிஞ்சிவிட்டது என்று எனக்குப் படுகிறது. ஆனால் நான் போன சங்கத்தில் சரித்திரக்காரர்கள்தான் அதிகம். அவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

அவர் பொம்மைகளுக்கு வர்ணம் பூசுவதைப் பல மாலைகள் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலின் பாதி உயரம், இருபத்தெட்டு மில்லிமீட்டர். முதலில் முழுக்கக் கறுப்பு அடிப்பூச்சு. அதன்மேல் கோட்டுக்குச் சிவப்பு. அது காய்ந்ததும் தண்ணீராய் நீர்த்த ஒரு கரும்பழுப்பை மேலே விட்டால் அது மடிப்புகளில் போய்த் தேங்கி நிழலாகிவிடுகிறது. பிறகு தூரிகையைத் துணியில் துடைத்து ஈரம் போக்கி, மேடுகளில் மட்டும் லேசாக வெளிர்நிறத்தை உரசுகிறார். மேஜை விளக்கு பக்கத்திலேயே எரிகிறது. வெளிச்சம்தான் இருக்கிறதே, நிழலை ஏன் பூச வேண்டும் என்று கேட்டேன். மனிதனைச் சுருக்கலாம், வெளிச்சத்தைச் சுருக்க முடியாது என்றார். இந்த அளவில் மூக்குக்குக் கீழே, கண் குழியில், கழுத்துப்பட்டைக்கு அடியில் இயற்கை வெளிச்சம் போதிய நிழல் தராது. உள்ளது உள்ளபடி சிவப்பைப் பூசி வைத்தால் பார்ப்பவனுக்கு அது பிளாஸ்டிக்காகத்தான் தெரியும். சிப்பாயாகத் தெரிய வேண்டுமானால் இல்லாத நிழலைப் பூசியாக வேண்டும். தலையும் கைகளும்கூடச் சற்றுப் பெரிதாகவே வார்க்கப்படுகின்றன.

யதார்த்தவாதம் பற்றி நாம் வருஷக்கணக்கில் போட்ட சண்டைகளில் இவ்வளவு தெளிவான ஒரு வாக்கியத்தை நான் கேட்டதில்லை. சிறுகதையும் ஒரு சுருக்கம்தான். வாழ்க்கையைச் சுருக்குகிறோம், அதன் மேல் விழும் வெளிச்சம் பழைய அளவிலேயே இருந்துவிடுகிறது. 'அப்படியே எழுதியிருக்கிறார்' என்று நாம் புகழும் கதைகளில் பாதி ஏன் பொம்மையாக நிற்கின்றன என்பதற்கு இது ஒரு காரணமாகலாம்.

சிறிய உருவில் முழுமை முதலிலும் உறுப்புகள் பிறகும் அறியப்படுகின்றன, கலையின் இன்பமே அதில் இருக்கிறது என்கிறார் லெவி-ஸ்ட்ராஸ் (1962இல் வந்த 'காட்டு மனம்' நூலின் முதல் அத்தியாயத்தில்). பார்க்கிறவனுக்கு அது சரி. செய்கிறவன் கதை தலைகீழ். என் அண்டைவீட்டார் மூன்று மணி நேரம் பொத்தான்களைத் தவிர எதையும் பார்க்கவில்லை. கடைசியில் கையை நீட்டி மூன்றடி தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போதுதான் அவருக்கு ஒரு ஆள் கிடைத்தான்.

அந்தக் குளிர்காலம் அவர் பூசிக்கொண்டிருந்தது மதராஸ் சிப்பாய்களை. சங்கத்தில் அஸ்ஸாயே யுத்தம் ஆடப் போகிறார்கள். 1803 செப்டம்பர் 23ஆம் தேதி தக்காணத்தில் கைத்னா, ஜுவா ஆறுகளுக்கு நடுவே மராட்டியப் படைகளை ஆர்தர் வெல்லஸ்லி முறியடித்த போர். அந்த வெல்லஸ்லிதான் பிற்பாடு வெலிங்டன் பிரபு, ஷார்லட்டின் மரப் பொம்மை. தான் சண்டையில் செய்ததிலேயே சிறந்த காரியம் இது என்று வயதான காலத்தில் அவர் கருதினார். அதைச் செய்து கொடுத்த காலாட்படையில் இரண்டு ஹைலண்டர் ரெஜிமெண்டுகள் போக, மீதி எல்லாம் மதராஸ் பட்டாளங்கள், அதாவது தமிழரும் தெலுங்கரும். கம்பெனித் தரப்பில் செத்தவரும் காயம்பட்டவருமாக ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல்.

நான் சென்னையிலிருந்து வந்தவன் என்பதால் தலைப்பாகை எப்படி இருந்திருக்கும் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் வேலூரை எடுத்துவிட்டேன். 1805இல் புதுத் தலைப்பாகை, அதில் தோல் சின்னம், நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டைக்குள் எழுந்த கிளர்ச்சி. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து நூற்றுக்கணக்கில் கொன்றது. அவர் பொறுமையாகக் கேட்டார். அவருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. "ஆமாம், ஆனால் அந்தத் தலைப்பாகை 1803க்குப் பிற்பட்டது. உத்தரவையும் பிறகு வாபஸ் வாங்கிவிட்டார்கள். அதனால் எனக்குத் தேவைப்படாது" என்றார்.

முதலில் கோபம் வந்தது. ஒரு தலைப்பாகைக்காகச் செத்தவர்களை இந்த மனிதர் உடுப்புக் குறிப்பாக வாசிக்கிறாரே என்று. அறைக்குத் திரும்பி வந்து யோசித்தபோது அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. தலையில் என்ன வைக்கப்படுகிறது என்பது அற்ப விஷயம் என்று நினைத்தவர்கள்தான் வேலூர் உத்தரவைப் போட்டார்கள். அற்பமல்ல என்று அறிந்தவர்கள் இருவர்: அந்தச் சிப்பாய், இந்தத் தபால்காரர். எனக்கு வேலூர் பள்ளிக்கூடத்துச் சரித்திரப் பாடத்தில் வந்த ஒரு பெருமை. அந்தத் தலைப்பாகையின் உருவத்தை நான் ஒருநாளும் கற்பனை செய்து பார்த்ததில்லை.

ஆனால் முகங்கள் எல்லாம் ஒரே பழுப்பில் இருந்தன. அதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தட்டில் இன்னும் இரண்டு பழுப்புகளைக் கலந்தார். மறுநாள் முப்பது பேருக்கும் திருத்தியிருந்தார். இப்போது அவர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமில்லாதவர்களாக, ஊர் ஊராக வந்து சேர்ந்தவர்களாகத் தெரிந்தார்கள். நான் அதைக் கலை என்று சொல்லத் தயங்கமாட்டேன்.

ஆட்டத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. அன்று என்னுடன் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரும் வந்திருந்தார். மேஜையில் ஒரு பொம்மைக்கு இருபது ஆள் கணக்கு. ஒற்றை வீடு அஸ்ஸாயே கிராமம் முழுவதற்கும் நின்றது. மராட்டியப் பீரங்கிகளுக்குப் பகடை உருட்டினார்கள். மூன்றாவது சுற்றிலேயே, முகம் திருத்திய முப்பதில் பதினொருவரை விரல்களால் தூக்கி மேஜையோரத்தில் ஒதுக்கினார்கள். யாரும் விழவில்லை. வெல்ஸின் மரக் குண்டு பட்டாலாவது பொம்மை சாயும், சத்தம் கேட்கும். இங்கே தளத்தில் ஒரு காலி இடம் மட்டும். மராட்டியப் பக்கம் நின்றவர் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

நண்பர் வெகுநேரம் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் காதருகே கேட்டார்: "காயப்பட்ட ஆக்களை எங்கை வைக்கிறவை?"

மொழிபெயர்த்துக் கேட்டேன். தபால்காரர் யோசித்தார். காயம்பட்டவர்களைத் தனியாகக் குறிக்கிற விதிகளும் இருக்கின்றன, நாங்கள் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை, ஆட்டம் முடியவே முடியாது என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் எந்த உட்பொருளும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் வெல்ஸ் தன் கடைசி அத்தியாயத்தில் எட்ட முயன்று தவறியதை அது தொட்டுவிட்டது என்று நினைக்கிறேன். இந்த விளையாட்டு வடிவம் பெறுவதே ஒரு விலக்கலால். செத்தவன், ஓடியவன், கால் போனவன் மூவரும் ஒரே சைகையில் அகற்றப்படுகிறார்கள். பூச்சில் பொத்தானுக்குக் கீழே நிழல் பூசுகிற அதே மனிதர், ஆட்டத்தில் எந்த நிழலையும் விடமாட்டார். வடிவ ஒழுங்கு கைகூடுவதற்கு எதை வெளியே தள்ளுகிறோம் என்று எந்தக் கலையையும் கேட்கலாம். நம் கச்சிதமான கவிதைகளையும் கேட்கலாம். பிராண்டி பிள்ளைகள் செத்தவர்களை எழுப்பினார்கள். அதில் குறைந்தபட்சம் செத்தவர்கள் இருந்தார்கள் என்ற ஒப்புதல் இருக்கிறது.

வெல்லஸ்லி மாலை ஐந்து மணிக்கு ஜெயித்தார். பிறகு எல்லோரும் பொம்மைகளைப் பஞ்சு வைத்த தட்டுகளில் அடுக்கினார்கள். நண்பரும் உதவினார். எந்தத் தட்டில் எது என்று அவருக்குத் தெரியாததால் மேஜையோரத்துப் பதினொருவரையும் அவரவர் முகம் பார்த்து, மீதிப் பத்தொன்பது பேர் பக்கத்தில் ஒவ்வொருவராகப் படுக்க வைத்தார். நேரமாயிற்று. கூடத்தை ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும்.